கம்பியைச் சோதித்த கருவிகளும் அவற்றைக் காத்த அறிவும்

 

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் மின்சுற்றைக் கற்பிக்கிறோம். மின்கலம், கம்பி, விளக்கு, சுவிட்சு ஆகியவற்றை மாணவர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். எளிதில் கடத்தி எது, அரிதில் கடத்தி எது என்று பட்டியலும் இடுகிறார்கள். அப்பட்டியலுக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் நம் மலாயாக் காட்டு மரம் ஒன்றிற்கும் பங்குண்டு. தந்திக் கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் சோதிக்கும் கருவிகள் மின்சாரத்தால் கெட்டுப் போகாமல் எவ்வாறு காக்கப்பட்டன என்பதே அவ்வரலாறு.

செய்தி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், அதனுள் ஓர் இக்கட்டு இருக்கிறது. கம்பியில் என்ன நிகழ்கிறது என்று அறிவதற்கு நுண்ணிய கருவி வேண்டும். கருவி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு எளிதில் அது கெடும். அதற்குக் கனத்த கவசம் இட்டால் நுண்மை போய்விடும். கவசமே இல்லாவிட்டால் கருவி போய்விடும். காக்கவும் வேண்டும், காப்பினால் அதன் செவி அடைபடவும் கூடாது. ஏறத்தாழ 180 ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இந்த இக்கட்டை எதிர்கொண்டு வருகிறார்கள்.

1. மின்னல் கற்பித்த முதற்பாடம்

1820-ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டறிந்தார். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் விலகல் பெருகும் என்பதும் அதே ஆண்டில் தெளிவாயிற்று. கால்வனோமானி என்னும் கருவி இவ்வாறு பிறந்தது. பின்னாளில் வந்த முள் பொருத்திய மின் அளவுமானிகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை.

1837-இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் ஆகிய இருவரும் தந்திக்குக் காப்புரிமை பெற்றனர். 1844-இல் மோர்சின் தந்தி வாஷிங்டனையும் பால்டிமோரையும் இணைத்தது. கம்பங்களின் மீது மைல் கணக்கில் வெற்றுக் கம்பி ஓடத் தொடங்கியது. அக்கம்பி மனிதர் அனுப்பிய செய்தியை மட்டும் கொண்டுவரவில்லை. வானத்து மின்னலையும் தந்தி நிலையத்தின் மேசைக்கே கொண்டுவந்து சேர்த்தது.

அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1846-இல் இதனை ஆராய்ந்து விளக்கினார். மின்னல் கம்பியின் மேல் நேராக விழ வேண்டுவதில்லை. எங்கோ தொலைவில் வெட்டும் மின்னலும் நீண்ட கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். ஆகவே, தலைக்கு மேல் மழைமேகம் இல்லை என்பதற்காகக் கம்பி அமைதியாக இருக்கிறது என்று கொள்ள இயலாது.

மறு ஆண்டு, 1847-இல், பாரிஸ் அருகே தந்தி நிலையம் ஒன்றின் கருவிகளை மின்னல் சிதைத்தது. கடிகாரத் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த லூயி பிரெகே என்பவர் அதற்கு எளிய தீர்வொன்றைச் சொன்னார். வெளியிலிருந்து வரும் தடித்த கம்பிக்கும் உள்ளிருக்கும் கருவிக்கும் இடையே மிக மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை இணைக்க வேண்டும். பெரு மின்னோட்டம் வந்தால் அம்மெல்லிய கம்பி உருகி அறுந்துபோகும், கருவி பிழைக்கும். இன்று நம் வீடுகளில் பியூஸ் என வழங்கும் உருகியின் முன்னோடி இதுவே. மின்விளக்கு வீடுகளுக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தந்திக் கருவியைக் காப்பதற்காக அது பிறந்துவிட்டது.

இதே காலப்பகுதியில் இரண்டாவது உத்தியும் தோன்றியது. கம்பியோடு ஓர் உலோகத் தகட்டை இணைத்து, அதன் எதிரே நிலத்தோடு இணைந்த இன்னொரு தகட்டைச் சிறிய இடைவெளி விட்டு வைத்தார்கள். தந்தியின் சிறு மின்னழுத்தம் அவ்விடைவெளியைத் தாண்டாது. மின்னலின் பேரழுத்தம் தாண்டிக் குதித்து நிலத்துக்குள் போய்விடும். உருகி தன்னை அழித்துக்கொண்டு கருவியைக் காக்கிறது. இடைவெளியோ தேவைப்படும்போது மட்டும் கதவாகத் திறந்து மீண்டும் மூடிக்கொள்கிறது. இன்று வரை வந்துள்ள காப்புமுறைகள் பலவும் இவ்விரண்டின் வளர்ச்சியே எனலாம்.

2. நம் காட்டு மரமும் கடலடி வடமும்

கம்பத்தில் ஓடும் கம்பிக்குக் காற்றே உறை. கடலுக்கடியில் கம்பியைப் போடுவதானால் தண்ணீர் புகாத, மின்சாரத்தைக் கடத்தாத உறை வேண்டும். அதற்குரிய பொருள் நம் மண்ணிலிருந்தே கிடைத்தது. மலாய் மொழியில் தாபான் என வழங்கும் மரத்தின் பாலே அது. மேலைநாட்டார் அதனைக் கட்டாபெர்ச்சா என்றனர். ரப்பர்ப் பாலையும் இதனையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து பின்னாளில் நம் நாட்டுக்கு வந்தது. தாபான் இம்மண்ணுக்கே உரியது. அதன் பால் வெந்நீரில் குழையும், குளிர்ந்தால் இறுகும், கடல்நீரில் நெடுங்காலம் கெடாது.

சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி என்னும் மருத்துவரும், அங்கு வாழ்ந்த ஹோசே டி அல்மேடா என்பவரும் 1843-ஐ ஒட்டி இப்பொருளின் மாதிரிகளை இலண்டனில் அறிமுகப்படுத்தினர். இது தலைசிறந்த அரிதில் கடத்தி என்று மைக்கேல் ஃபாரடே 1848-இல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் இதனைப் பூசிய கம்பி கடலுக்குள் இறங்கியது. 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடி வடம் இணைத்தது.

இதற்கு நம் காடுகள் கொடுத்த விலை பெரிது. ரப்பர் மரத்தைப் போல் இம்மரத்தில் பட்டையைச் சீவி நாள்தோறும் பால் எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அருகிப்போயிற்று. அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் கிடந்த ஒவ்வொரு மைல் வடத்திலும் தென்கிழக்காசியக் காட்டின் ஒரு பகுதி இருந்தது என்று நம் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

3. 1858: பேரழுத்தம் கெடுத்த வடம்

அட்லாண்டிக் தந்திக் குழுமம் 350,000 பவுண்டு முதலீட்டில் தொடங்கப்பட்டது. அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைக்கச் சுமார் இரண்டாயிரம் மைல் வடத்தைக் கடலுக்கடியில் போட வேண்டும். பல முயற்சிகள் தோற்றபின், 1858 ஆகஸ்டு 5-ஆம் நாள் வடம் இரு கரைகளையும் தொட்டது. அந்த வடத்தை எவ்வாறு சோதிப்பது, எவ்வாறு இயக்குவது என்பதில் இருவர் முற்றிலும் வேறுபட்டனர்.

ஒருவர் குழுமத்தின் மின்னியலாளர் வைல்ட்மன் வொயிட்ஹவுஸ். அவர் அடிப்படையில் மருத்துவர். நீண்ட வடத்தினூடே செய்தி செல்ல வலுவான தள்ளுவிசை வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐந்தடி நீளமுள்ள தூண்டுசுருள்களைக் கொண்டு சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தை வடத்தில் செலுத்தினார்.

மற்றொருவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர். சிறிய மின்னழுத்தத்தைச் செலுத்தினால் போதும். மறுமுனையில் வந்துசேரும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை உணரும் கருவிதான் வேண்டும் என்றார் அவர். அதற்காகவே அவர் படைத்தது ஆடிக் கால்வனோமானி. பட்டிழையில் தொங்கும் சின்னஞ்சிறு கண்ணாடியின் பின்புறம் காந்தத் துணுக்குகளை ஒட்டினார். கண்ணாடி அணுவளவு அசைந்தாலும், அதில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளி அளவுகோலின் மேல் நெடுந்தொலைவு நகரும். ஒளியையே முள்ளாக்கிய கருவி அது. எடையற்ற முள் என்றும் கூறலாம்.

ஆகஸ்டு 16-ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் வாழ்த்துச் செய்தி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 98 சொற்களை அனுப்பி முடிக்கப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. ஆகஸ்டு இறுதியில் சென்ற இன்னொரு செய்தி அரசுக்கு உடனடிப் பயனைத் தந்தது. இந்தியாவில் 1857-இல் மூண்ட கிளர்ச்சியை முன்னிட்டுக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளை வரவழைக்க ஆணையிட்டிருந்தனர். அவை வர வேண்டியதில்லை என்னும் செய்தி வடத்தின் வழியே சென்றது. அந்த ஒரே செய்தியால் சுமார் 50,000 பவுண்டு மிச்சமானதாகக் கூறுவர்.

ஆனால், வடம் ஏற்கெனவே நலிந்திருந்தது. தயாரிப்பில் குறை இருந்தது. செப்புக் கம்பி சில இடங்களில் உறையின் நடுவில் நில்லாமல் ஓரமாக ஒதுங்கிப் போயிருந்தது. வடத்தை வெயிலில் போட்டு வைத்திருந்ததால் கட்டாபெர்ச்சா உறை இளகியும் இருந்தது. அத்தகைய வடத்தில் 2,000 வோல்ட் பாய்ந்தபோது உறையின் மெலிந்த இடங்கள் மேலும் கெட்டன. வொயிட்ஹவுஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். தாம்சன் சிறிய மின்கலங்களையும் தம் கால்வனோமானியையும் கொண்டு வடத்தைச் சில காலம் பேசவைத்தார். செப்டம்பர்த் தொடக்கத்தில் செய்திப் போக்குவரத்து நின்றது. அக்டோபரில் இறுதி அசைவும் அடங்கியது.

வடம் கெட்டதற்கு வொயிட்ஹவுஸ் ஒருவரே காரணம் என்று சொல்வது முறையன்று. நலிந்த வடம் எப்படியும் நீண்டநாள் நிலைத்திராது என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆயினும், நலிவு எங்கே இருக்கிறது என்று மென்மையாகத் தொட்டுப் பார்க்க வேண்டிய வேளையில் அவர் வன்மையைக் கையாண்டார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி மின்னழுத்தத்திற்கும் பொருந்தும்.

1866-இல் நிலையான வடம் ஒன்று வெற்றி கண்டது. அதற்கு முந்திய ஆண்டு அறுந்துபோன வடத்தையும் கடலடியிலிருந்து மீட்டு முடித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர் ஒரு சோதனை செய்தார். இரு வடங்களையும் நியூஃபவுண்ட்லாந்தில் ஒன்றாக இணைக்கச் செய்தார். அயர்லாந்து முனையில், தையல்வேலைக்கு விரலில் அணியும் வெள்ளி உறையில் சில துளி அமிலத்தையும் ஒரு துத்தநாகத் துண்டையும் இட்டு மின்கலமாக்கினார். அந்த விரலுறை மின்கலத்தின் குறி அட்லாண்டிக்கை இருமுறை கடந்து திரும்பி வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 2,000 வோல்ட் செய்யாததை ஒரு விரலுறை செய்தது.

4. ஆயிரத்தில் ஒரு பங்கு

வடம் தப்பியது, இனி நுண்ணிய கருவியைக் காக்க வேண்டும். ஆடிக் கால்வனோமானி போன்ற கருவிக்கு மின்னல் தேவையில்லை. சோதனைக்கென்று நாமே இணைக்கும் மின்கலமே அதன் மெல்லிய சுருளைக் கருக்கிவிடும். பழுதில்லாத வடத்தில் மின்னோட்டம் துளியாகக் கசியும். பழுதான வடத்தில் வெள்ளமாகப் பாயும். சோதிக்கும் முன் இது துளியா, வெள்ளமா என்று எப்படித் தெரியும்?

இதற்குத் தந்திப் பொறியாளர்கள் கண்ட வழி இணைதடம். கால்வனோமானியின் இரு முனைகளுக்கும் இடையே குறைந்த மின்தடையுள்ள பக்கவழி ஒன்றை அமைத்தார்கள். அப்பக்கவழியின் மின்தடை கருவியின் மின்தடையில் 999-இல் ஒரு பங்காக இருந்தால், மொத்த மின்னோட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே கருவிக்குள் செல்லும். 99-இல் ஒரு பங்காக இருந்தால் நூற்றில் ஒன்றும், 9-இல் ஒரு பங்காக இருந்தால் பத்தில் ஒன்றும் செல்லும். இம்மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிக் கருவியின் பக்கத்தில் வைத்தார்கள்.

சோதனை ஒழுங்கும் இதனோடு பிறந்தது. முதலில் ஆயிரத்தில் ஒன்று. முள் அசையவில்லை என்றால் நூற்றில் ஒன்று. பிறகு பத்தில் ஒன்று. இறுதியாக, பாதுகாப்பானது என்று உறுதியான பின்னரே முழு மின்னோட்டத்தையும் கருவிக்குக் கொடுப்பர். முன்பு சொன்ன இக்கட்டுக்கு இதுவே அழகிய விடை. தொடக்கத்தில் கருவியின் செவியை மறைத்து, படிப்படியாகத் திறந்துவிடுகிறோம். நுண்மையும் கெடவில்லை, கருவியும் கெடவில்லை. ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னதைத்தான் அப்பெட்டி மூன்று படிகளில் செய்துகாட்டியது.

நீண்ட வடத்திற்கு வேறொரு குணமும் உண்டு. அது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும். மின்கலத்தை இணைத்த நொடியில் மின்னோட்டம் வெள்ளமாகப் பாய்ந்து வடத்தை நிரப்பும், பிறகே அடங்கும். மின்கலத்தை எடுத்த பின்னும் வடத்தில் தேங்கியது திரும்பிப் பாயும். ஆகவே, முதல் வெள்ளம் அடங்கும் வரை கால்வனோமானியின் இரு முனைகளையும் ஒரு சாவியால் இணைத்து வைத்து, அடங்கியபின் திறந்தார்கள். மின்தடையை ஒப்பிட்டு அளக்கும் வீட்ஸ்டன் சமனச் சுற்றிலும் இதே ஒழுங்குதான். முதலில் மின்கலச் சாவியை அழுத்து, பிறகு கால்வனோமானிச் சாவியை அழுத்து என்பது மரபாயிற்று. இச்சமனச் சுற்றைக் கொண்டே பழுது எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று கணக்கிடும் முறைகள் உருவாயின. வார்லி என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும் முறை தொலைபேசிக் கம்பிகளுக்கும் நெடுங்காலம் பயன்பட்டது.

இவ்வறிவெல்லாம் நம் வட்டாரத்துக்கும் வந்தது. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடி வடம் போடப்பட்டது. அதே கட்டாபெர்ச்சா உறையணிந்து, பிறந்த மண்ணருகே திரும்பி வந்தது.

5. தொலைபேசியும் மின்விளக்கும் சந்தித்த காலம்

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1879-இல், சிங்கப்பூரில் ஐம்பது இணைப்புகளைக் கொண்ட தொலைபேசி நிலையம் தொடங்கியது. தொலைபேசியின் மின்னோட்டம் தந்தியினுடையதைவிட மிகச் சிறியது. அதன் காது இன்னும் கூர்மையானது. ஆகவே இன்னும் மெல்லியது.

அக்காலத்தில்தான் மின்விளக்கும் டிராம் வண்டியும் நகரங்களில் பரவின. ஒரே தெருவில், ஒரே கம்பத்தில்கூட, தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஆயிரக்கணக்கான வோல்ட் தாங்கிய விளக்குக் கம்பியும் அருகருகே ஓடின. காற்றில் ஒரு கம்பி அறுந்து இன்னொன்றின் மேல் விழுந்தால் போதும். எளிய கம்பி கொலைக்கம்பியாகிவிடும்.

1889 அக்டோபர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் ஜான் ஃபீக்ஸ் என்னும் தந்திக் கம்பித் தொழிலாளி கம்பத்தின் மீது வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தொட்டது குறைந்த அழுத்தமுள்ள தந்திக் கம்பிதான். ஆனால், சில தெருக்கள் தள்ளி அக்கம்பியின் மேல் உயரழுத்த விளக்குக் கம்பி ஒன்று கிடந்தது. பட்டப்பகலில், மக்கள் திரண்டு பார்த்திருக்க, அவர் கம்பிகளிடையே உயிர்நீத்தார். அதன்பின் நகரத்தின் அபாயகரமான கம்பிகளை அகற்றும் பணி விரைவுற்றது.

கருவியைக் காப்பது பொருளைக் காப்பது மட்டுமன்று என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. கருவியின் மறுபக்கத்தில் ஒரு மனிதரின் கை இருக்கிறது. தொலைபேசியாயின் ஒரு காது இருக்கிறது. கருவிக்குள் வரும் பேரழுத்தம் அதோடு நிற்பதில்லை.

தொலைபேசி நிலையங்களில் மூன்று காவலர்கள் அமர்த்தப்பட்டனர். முதலாமவர் பிரெகே வழிவந்த உருகி. விளக்குக் கம்பி தொட்டதால் பெரு மின்னோட்டம் வந்தால் அது அறுந்துவிடும். இரண்டாமவர் கரித்துண்டுகள். மெல்லிய மைக்கா இடைவெளியால் பிரிக்கப்பட்ட இரண்டு கரித்துண்டுகளில் ஒன்று கம்பியோடும் மற்றொன்று நிலத்தோடும் இணைந்திருக்கும். சில நூறு வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் எழுந்தால் பொறி தாவி நிலத்துக்குப் போய்விடும். இவ்விருவர் கண்ணிலும் படாமல் நுழையும் திருடன் ஒருவன் உண்டு. அழுத்தமும் குறைவு, மின்னோட்டமும் குறைவு. ஆனால் விடாமல் பாய்ந்துகொண்டே இருந்து, மெல்ல மெல்லச் சூடேற்றிக் கருவியைக் கருக்கிவிடுவான். அவனைப் பிடிக்க வந்தவர் மூன்றாமவராகிய வெப்பச்சுருள். சிறு சுருள் சூடேறி ஈயப்பற்றை உருக்கும். வில்கம்பி ஒன்று விடுபட்டுக் கம்பியை நிலத்தோடு இணைத்துவிடும், அல்லது துண்டித்துவிடும்.

மூன்று வகைக் கேட்டுக்கு மூன்று வகைக் காப்பு. பிற்காலத்தில் கரித்துண்டுகளின் இடத்தில் வாயு நிரப்பிய சிறு குழாய்களும், அதன்பின் குறைகடத்திகளும் வந்தன. ஆயினும், பணி மாறவில்லை.

6. ஓர் அஞ்சல் துறைப் பொறியாளரின் பெட்டி

பிரிட்டிஷ் அஞ்சல் துறைதான் அந்நாட்டின் தந்தியையும் தொலைபேசியையும் நடத்தியது. அத்துறையின் பொறியாளர் டொனால்டு மெக்காடி. கம்பிகளைப் பழுதுபார்க்கச் செல்லும்போது மின்னோட்டத்திற்கு ஒரு கருவி, மின்னழுத்தத்திற்கு ஒரு கருவி, மின்தடைக்கு ஒரு கருவி என்று பலவற்றைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. இம்மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்க அவர் எண்ணினார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏவோ எனப் பெயரிட்ட கருவி 1923-இல் விற்பனைக்கு வந்தது. இன்று மின்பணியாளர்கள் கையில் காணும் மல்டிமீட்டரின் மூதாதை அது.

ஒரே பெட்டியில் மூன்று கருவிகள் என்பது பெரிய வசதி. கூடவே புதிய ஆபத்தும் வந்தது. தனித்தனிக் கருவிகளாக இருந்தபோது எதை எடுக்கிறோம் என்று கைக்கே தெரியும். இப்போது ஒரு திருகியை மாற்ற மறந்தால் போதும். மின்தடை அளக்கும் நிலையிலோ மின்னோட்டம் அளக்கும் நிலையிலோ வைத்துக்கொண்டு மின்னழுத்தமுள்ள கம்பியைத் தொட்டால், மெல்லிய சுருள் நொடியில் கருகும்.

ஏவோ கருவிகளில் இதற்கு அமைந்த காப்பு புகழ்பெற்றது. 1951-இல் வந்த எட்டாம் வகை ஏவோமீட்டரை அறிந்த பழைய தொழில்நுட்பர்கள் அதன் முகப்பில் இருந்த சிறு பொத்தானை மறந்திருக்க மாட்டார்கள். முள் அளவுக்கு மீறி எகிறினால், அவ்வசைவே உள்ளிருக்கும் விசையைத் தட்டிவிடும். பொத்தான் வெளியே துள்ளும், சுற்று துண்டிக்கப்படும். திருகியைச் சரிசெய்து பொத்தானை உள்ளே அழுத்தினால் கருவி மீண்டும் வேலை செய்யும். உருகியைப் போல் புதிதாக மாற்ற வேண்டியதில்லை. மனிதர் மறப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு அமைத்த காப்பு அது. ஏவோமீட்டர் 2008 வரை உற்பத்தியில் இருந்தது என்பதே அதன் சிறப்புக்குச் சான்று.

பொறிமுறை விசைக்கும் எல்லை உண்டு. மின்னல் தூண்டும் அதிர்ச்சி, முள் அசையத் தொடங்கும் முன்பே தன் வேலையை முடித்துவிடும். எனவே பிற்காலக் கருவிகளில் சுருளின் குறுக்கே இரண்டு சிலிக்கான் டயோடுகளை எதிரெதிராக இணைத்தனர். சுருளின் மேல் விழும் அழுத்தம் அரை வோல்ட்டைச் சற்று மீறினால் அவை உடனே திறந்து, மிகுதியைத் தம் வழியே கடத்திவிடும். அதற்குக் கீழே அவை இருப்பதே தெரியாது. பழைய தந்திக்காரரின் இணைதடமே இது. ஆனால் தேவைப்படும்போது மட்டும் தானே தோன்றி மறையும் இணைதடம்.

7. நம் காலம்

செப்புத் தொலைபேசிக் கம்பியில் பொதுவாக 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் அது பத்து வோல்ட் அளவுக்கும் கீழே இறங்கும். மணியடிக்கும்போது சுமார் 90 வோல்ட் மாறுமின்னழுத்தம் அதன்மேல் ஏறும். அமைதியான கம்பி என்று எண்ணி மின்தடையை அளந்துகொண்டிருக்கும் வேளையில் யாரோ அந்த எண்ணுக்கு அழைத்தால், கருவி அதனைத் தாங்கியாக வேண்டும். ஆகவேதான் தொலைபேசிக் கம்பிச் சோதனையில் முதலில் அந்நிய மின்னழுத்தம் உண்டா என்று பார்ப்பர். அதன்பிறகே மின்தடையை அளப்பர்.

உறையின் வலிமையைச் சோதிக்கும் மெகர் போன்ற கருவிகளில் ஆபத்து எதிர்த்திசையில் செல்கிறது. அவை தாமே சில நூறு வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் செலுத்துகின்றன. மறுமுனையிலுள்ள தொலைபேசியையும் நிலையக் கருவிகளையும் கழற்றிய பின்பே அதனை இயக்க வேண்டும். சோதனை முடிந்ததும் கம்பியில் தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் அடுத்து இணைக்கும் நுண்ணிய கருவி அதனைத் தாங்காது. 1858-இன் பாடம் இன்றைய பணிக்குறிப்பிலும் இருக்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டில் நூற்றைம்பது நாள்களுக்கு மேல் இடி முழங்குகிறது. ஹென்றி 1846-இல் கண்ட உண்மை நமக்கு மாலைதோறும் நினைவூட்டப்படுகிறது.

ஒளியிழை வந்தபின் கதை முடிந்துவிட்டது என்று கருதலாம். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. மின்னல் அதன் வழியே மேசைக்கு வராது. ஆனால், ஒளியிழையைச் சோதிக்கும் கருவி, இழையில் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் மங்கலான எதிரொளியை உணர்கிறது. பணியில் இருக்கும் இழையோடு அதனை இணைத்தால், எதிரிலிருந்து வரும் வலிய ஒளி அதன் ஒளியுணரியைக் கெடுத்துவிடக்கூடும். எனவே, இழையில் ஒளி இருக்கிறதா என்று முதலில் பார்த்த பின்பே இணைக்கிறார்கள். செம்பு போய்க் கண்ணாடி வந்தாலும், அந்தப் பழைய ஒழுங்கு அப்படியே நிற்கிறது.

8. வகுப்பறைக்கும் இல்லத்திற்கும்

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை எளிய சோதனையாக நடத்திக் காட்டலாம். பூசுறைக் கம்பியை ஒரு திசைகாட்டியின் மேல் இருபது சுற்று சுற்றுங்கள். 1.5 வோல்ட் மின்கலம், சிறு விளக்கு, இச்சுருள் ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். ஊசி விலகும். இப்போது சுருளின் இரு முனைகளையும் ஒரு குட்டைக் கம்பியால் இணையுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஊசியின் விலகல் மட்டும் குறையும். மின்னோட்டத்தின் பெரும்பகுதி பக்கவழியே போய்விட்டது. தந்திப் பொறியாளரின் பெட்டி மாணவர் கண்முன் வந்துவிடும். விளக்கு இல்லாமல் இதனைச் செய்யக் கூடாது, மின்கலம் சூடேறும். சுவரிலுள்ள மின்துளையையும் தொலைபேசிக் கம்பியையும் எக்காரணத்தை முன்னிட்டும் மாணவர்கள் தொடலாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடி மின்னல் வேளையில் கம்பியுள்ள தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டாம். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், அதன் உருகி போனபோது அதே அளவும் அதே வகையும் கொண்ட உருகியையே இடுங்கள். நல்ல கருவிகளில் மணல் நிரப்பிய பீங்கான் உருகி இருக்கும். அதற்குப் பதிலாக மலிவான கண்ணாடி உருகியையோ ஈயத்தாளையோ வைத்தால், பேரழுத்தம் வந்த நொடியில் அது காவலாக நில்லாது. கருவி முகப்பில் அச்சிட்டுள்ள கேட்-2, கேட்-3 போன்ற குறிகள் அது எவ்விடத்து மின்னதிர்ச்சியைத் தாங்கும் என்பதைக் காட்டுவன. எண் கூடக்கூடத் தாங்குதிறன் கூடும். வாங்கும்போது அதனையும் பாருங்கள்.

சோதிப்பது என்பது நம் ஆசிரியப் பணியிலும் அன்றாடச் செயல். ஒரு மாணவருக்கு என்ன தெரியும், எங்கே தடுமாறுகிறார் என்று அறியத்தான் சோதிக்கிறோம். முதற்கேள்வியையே கடினமாகக் கேட்டு அவரை வாயடைக்கச் செய்தால், நாம் அறிய விரும்பியது அறியப்படாமலே போய்விடும். ஆயிரத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, பத்தில் ஒன்று என்று படிப்படியாகத் திறந்த அந்தத் தந்திப் பெட்டியை, வினாத்தாள் தயாரிக்கும்போது நாமும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.